மூன்றாவது இணைப்பு

அத்தியாயம் 5

இயக்குநரின் அறையில் நான்கு நாற்காலிகள். மூன்றில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன, நான்காவதில் இயக்குநர். வருகிறவர்கள் நிற்க வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு இது என்று அண்ணிக்கு வாசலிலேயே புரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த கோப்புக் கட்டைத் தூக்கி அவர் மேசைமேல், அவர் மூக்குக்கு நேராக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, நீயும் ஒண்ணைக் காலி பண்ணிக்கோ."

"வேணாம் அண்ணி. ஆபீஸ் நாற்காலில உக்காந்தா எனக்கு உடனே தூக்கம் வந்துரும். இங்க ஏற்கெனவே நிறைய பேர் அந்த வேலையைப் பாக்கறாங்க."

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். கணவனின் தம்பி. முப்பத்திரண்டு வயது. வாய்க்கொழுப்பினாலேயே மூன்று வேலைகளை இழந்து, நான்காவதாக அவளுடைய துப்பறியும் நிலையத்தில் உதவியாளனாக வந்து சேர்ந்தவன். போகிற இடமெல்லாம் அண்ணி அண்ணி என்று அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இன்ஸ்பெக்டர்கள், வக்கீல்கள், பிடிபட்ட திருடர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். அவனும் எல்லோருக்கும் கொழுந்தன் ஆனான்.

இயக்குநர் கோப்புக் கட்டைச் சிறிது நகர்த்தி, அதன் ஓரமாக முகத்தை நீட்டினார். "மேடம், நேரா விஷயத்துக்கு வரேன். இன்னைக்கு நாலு மணிக்கு இதே ரூம்ல விசாரணை. துறைச் செயலாளரே நேர்ல வராங்க. வெளியாள் ஒருத்தர் பாத்து அறிக்கை குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"ஊர்ல பெரிய பெரிய ஏஜென்சி எல்லாம் இருக்கே சார். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில இருக்கற எங்களை எப்படித் தேடிப் பிடிச்சீங்க?"

"சின்ன வேலைதானே மேடம். ஒரு பக்க அறிக்கை. நானே தயார் பண்ணி வச்சிருக்கேன். படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

அண்ணி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். 'நான் நடத்திய தீவிரமான விசாரணையில்' என்று தொடங்கியது. இதுவரை அவள் நடத்திய விசாரணை, நாற்காலியைக் காலி செய்தது மட்டும்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டும். காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"கதையைச் சொல்லுங்க."

அவர் சொன்ன கதை இது. இது புள்ளிவிவரத் துறையின் அலுவலகம். அதன் இணையதளத்தில் எண்பதாயிரம் பக்கங்கள். மழை, விளைச்சல், பிறப்பு, இறப்பு, சாலை விபத்து, எதை எண்ண முடியுமோ அதெல்லாம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் 'இதையும் பாருங்கள்' என்று ஒரு பெட்டி. அதில் அந்தப் பக்கத்தோடு தொடர்புள்ள வேறு ஐந்து பக்கங்களுக்கு இணைப்பு. முன்பெல்லாம் ஆறு பேர் உட்கார்ந்து, படித்துப் பார்த்து, கையால் இணைத்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் இயக்குநர் ஒரு தானியங்கி நிரலைக் கொண்டுவந்தார். அது தானாகவே பக்கங்களை ஒப்பிட்டு இணைத்துவிடும். விழா எடுத்து, ரிப்பன் வெட்டி, ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பினார். ஒரே ஒருத்தி மிச்சம். பக்கங்களுக்குக் குறிச்சொல் போடுகிறவள். இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று சொல்லும் எட்டு ஒன்பது சொற்கள்தான் குறிச்சொல். அவற்றைப் பார்த்துத்தான் இயந்திரம் எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்யும்.

மூன்று வாரத்துக்கு முன்பு அமைச்சரின் அறிவிப்பு ஒன்று தளத்தில் ஏறியது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் நாற்பத்தோராயிரம் பேர்தான், ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் குறைத்துவிட்டோம் என்று ஒரே ஆரவாரம். அதன் கீழே இருந்த பெட்டியில் யாருக்குமே தெரியாத ஒரு பக்கத்துக்கு இணைப்பு இருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் அதைத் தட்டினார். ஒரு அட்டவணை திறந்தது. தொடர்ந்து ஒரு மாதம் வராத பிள்ளையை 'நின்றுவிட்ட பிள்ளை' என்று எண்ணுவதுதான் பழைய கணக்கு. அதை ஒரு வருடம் என்று மாற்றியதால்தான் எண் குறைந்திருக்கிறது. பழைய முறைப்படி எண்ணினால் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். மறுநாள் முதல் பக்கத்தில் அமைச்சரின் சிரிப்பும் அந்த அட்டவணையும் அருகருகே வந்தன.

"அந்தக் குறிச்சொல்காரிதான் கையால இணைச்சிருக்கா. இயந்திரம் வந்ததிலேர்ந்து அவளுக்கு வயித்தெரிச்சல். அந்தப் பக்கத்தையே நான் பேப்பர்ல பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்னா பாத்துக்கங்க."

"ஆதாரம்?"

"தளத்துல பக்கம் ஏத்தினது அவ பேர்ல பதிவாகியிருக்கு. அது போதாதா?" ஒரு காகிதத் துண்டை நீட்டினார். பெட்டியின் அச்சுப் பிரதி. விரல் அகலத்துக்கு ஒரே ஒரு வரி, சிவப்பு வட்டத்துக்குள். வரியின் முன்னால் 3 என்ற எண்.

"மூணுன்னா, மேல ரெண்டு, கீழ ரெண்டு இருக்கணுமே. அதெல்லாம் எங்க?"

"அது வழக்கமான குப்பை மேடம். தேவையில்லைன்னு வெட்டிட்டேன். அந்த அறிவிப்புக்குக் கீழ இருந்த பெட்டியையே எடுத்தாச்சு."

"அந்தம்மாகிட்ட விளக்கம் கேட்டீங்களா?"

"கேட்டோம். ஆறு பக்கத்துக்கு ஒப்பாரி வச்சு எழுதிக் குடுத்திருக்கா. ரகசியக் கோப்புல இருக்கு. நாலு மணிக்குத்தான் மேசைக்கு வரும்."

கொழுந்தன் இதற்குள் சுவர்ப்பக்கம் போயிருந்தான். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பாராட்டுச் சான்றிதழும், ஒரு பசுமாட்டின் பக்கத்தில் விறைப்பாக நிற்கும் ஒல்லி இளைஞனின் புகைப்படமும் தொங்கின.

"இதுல நீங்க எது சார்?"

அண்ணி இருமினாள். இயக்குநருக்குக் கிண்டல் எட்டவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "என்னோட முதல் அறிக்கை. கால்நடைக் கணக்கெடுப்பு. ரெண்டு பாகம். நாடு முழுக்கப் பேசினாங்க. இன்னைக்கும் புதுசா எதை எழுதினாலும் அதைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் எழுதுவேன். அந்த நடை, அந்த அமைப்பு... வேற யாருக்கு வரும்?"

"யாருக்கும் வராது சார்," என்றாள் அண்ணி மனதார.

வெளியே நடையில், பெஞ்சின் ஓரத்தில் அந்தக் குறிச்சொல்காரி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, கையில் மூடிய பேனா. பக்கத்தில் காவலாளி ஒருவர், அவள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்பதுபோலக் காவல் இருந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தற்காலிக நீக்கம் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்றைக்கு நாசவேலை என்று எழுதிவிட்டால் வேலை போகும், ஓய்வூதியம் போகும், மேற்கொண்டு வழக்கும் வரும்.

அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க என்ன பண்றீங்க? விசாரணை நாலு மணிக்குத்தானே?"

"காலைல ஒம்பது மணிக்கே வந்து உக்காரணும்னு உத்தரவு மேடம். உள்ள போகக் கூடாது. வழக்கைப் பத்தி யார்கிட்டயும் பேசவும் கூடாது. எழுத்துல குடுத்திருக்காங்க."

"நீங்க இணைச்சீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

காவலாளி தொண்டையைக் கனைத்தார். அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "எல்லாம் பதில்ல இருக்கு மேடம். ஒரே ஒரு பக்கம்தான் எழுதியிருக்கேன். படிச்சா ரெண்டு நிமிஷம் ஆகும்."

ஒரு பக்கம். அவர் ஆறு என்றார். அண்ணி அதை மனதின் ஒரு மூலையில் போட்டுவைத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்தது பெரிய ஹால். பதினோரு மேசைகள், பதினோரு கணினிகள். சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு அட்டை. அதில் குறிச்சொல்காரியின் பெயரும் அதற்குக் கீழே அவளுடைய கடவுச்சொல்லும்.

கொழுந்தன் வாயைப் பிளந்தான். "அண்ணி, வீட்டுச் சாவியை வாசல்லயே மாட்டி, பக்கத்துல அம்புக்குறியும் போட்டிருக்காங்க."

"அது பொது சார்," என்றார் ஓர மேசை எழுத்தர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "அக்காவுக்கு மட்டும்தான் பக்கம் ஏத்தற அனுமதி. அவங்க லீவ் போட்டா வேலை நிக்குதுன்னு டைரக்டர்தான் எழுதி ஒட்டச் சொன்னார். எல்லாரும் அதுலதான் ஏத்தறோம்."

"டைரக்டரும்?"

"அவருக்கு மட்டும் தனியா ஒண்ணு வாங்கவா போறாங்க?"

ஆதாரத்தின் லட்சணம் இவ்வளவுதான். பன்னிரண்டு பேர் ஒரே பெயரில் வேலை செய்வார்களாம், தப்பு நடந்தால் மட்டும் அந்தப் பெயர் ஒருத்திக்குச் சொந்தமாம். அண்ணி எழுத்தரின் திரையைக் குனிந்து பார்த்தாள். மழைப்பொழிவு பற்றிய பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் மேலே தலைப்பு மட்டும் இன்னும் 'சாலை விபத்துகள்' என்றே இருந்தது.

"இது என்ன, மழையில வழுக்கி விழுந்தவங்க கணக்கா?" என்றான் கொழுந்தன்.

எழுத்தர் சிரித்துவிட்டார். "பழைய பக்கத்தைத் திறந்து, மேல அழிச்சு எழுதி, வேற பேர்ல சேமிச்சுருவோம் சார். வெறும் பக்கத்துல ஆரம்பிச்சா கட்டம் கட்டணும், தலைப்பு போடணும், அடிக்குறிப்பு வைக்கணும். யாருக்கு நேரம்? ஆளுக்கு ஒரு மாதிரிப் பக்கம் வச்சிருக்கோம். எனக்கு விபத்து. அவருக்கு உப்பு உற்பத்தி. அந்தம்மாவுக்குப் பிரசவம்."

"குறிச்சொல்?" என்றாள் அண்ணி.

"அது கீழ, ரொம்பக் கீழ இருக்கும். அங்க வரைக்கும் யாரு போவா? அக்காதான் ஒவ்வொண்ணா பாத்து மாத்துவாங்க. அவங்க பாக்காம எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு விதி. இப்ப பன்னெண்டு நாளா அவங்க இல்ல." குரலைத் தாழ்த்தினார். "உப்பு உற்பத்தி பக்கத்துக்குக் கீழ என்னென்னமோ வருது."

"அமைச்சரோட அறிவிப்பை அவங்க பாத்தாங்களா?"

"இல்ல மேடம். அவசரம்னு நேரா ஏத்திட்டாங்க. யாரு ஏத்தினாங்கன்னு தெரியாது. எங்க யார்கிட்டயும் வரல."

அண்ணி வேகமாக நடந்தாள். இருபது வருடமாகத் துப்பறிகிறாள். திறமையான திருடர்களைப் பிடித்தபோதெல்லாம் அவளுக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததிலிருந்து அது ஒரு துளிகூட வரவில்லை.

சர்வர் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. காதுவரை கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர், இரையும் இயந்திரத்தின் மேல் டிபன் பாக்ஸைச் சூடாக்க வைத்துவிட்டு, பக்கத்தில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பெட்டியை எடுத்தது நீங்கதானே?" என்று அண்ணி கேட்டாள்.

"எடுன்னாங்க, எடுத்தேன். வேற எதையும் என்னை யாரும் கேக்கல."

"நான் கேக்கறேன். இயந்திரம் போட்ட பட்டியல் இருக்கா, அதுவும் போச்சா?"

குல்லாய்க்காரர் முதல் தடவையாகக் கண்ணை முழுசாகத் திறந்தார். பல வருடமாக ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்விபோல இருந்தது. "பட்டியல் எப்படிப் போகும்? எது எதோட ஏன் சேர்ந்துச்சுன்னு எல்லாத்தையும் அது எழுதி வைக்கும் மேடம். ரொம்ப சாது. தளத்துல எந்தப் பக்கம் இருந்தாலும் போய்ப் பாக்கும், குறிச்சொல்லை எண்ணும், ஒத்துப் போறதைக் கொண்டு வந்து கீழ நிறுத்தும். யாருக்கும் பயப்படாது, யாரையும் கேக்காது."

"இந்த ஆபீஸ்ல அது ஒண்ணுதான் வேலை செய்யுது போல," என்றான் கொழுந்தன்.

அவர் தட்டினார். பட்டியல் திரைக்கு வந்தது. அமைச்சரின் அறிவிப்பு, அதன் கீழே ஐந்து இணைப்புகள். மூவரும் குனிந்து படித்தார்கள்.

ஒன்று: கால்நடைக் கணக்கெடுப்பு, முதல் பாகம். ஒன்பதுக்கு ஒன்பது.

இரண்டு: கால்நடைக் கணக்கெடுப்பு, இரண்டாம் பாகம். ஒன்பதுக்கு ஒன்பது.

மூன்று: பள்ளி நின்ற பிள்ளைகள், பழைய முறைக் கணக்கு. ஒன்பதுக்கு ஒன்பது.

நான்கு: செம்மறி ஆடுகள். ஒன்பதுக்கு ஏழு.

ஐந்து: தீவன உற்பத்தி. ஒன்பதுக்கு ஆறு.

கொழுந்தன் சிரித்த சிரிப்பில் டிபன் பாக்ஸ் மூடி ஆடியது. "அமைச்சர் பேச்சுக்கும் தீவனத்துக்கும் இயந்திரமே சம்பந்தம் கண்டுபிடிச்சிருச்சு அண்ணி! என்னைவிட வாய்த்துடுக்கா இருக்கே இது!"

அண்ணி சிரிக்கவில்லை. "கையால இணைச்சா இந்த மதிப்பெண் வருமா?"

"வராது. அந்த இடம் காலியா இருக்கும்."

"ஒன்பது சொல்லும் என்னென்ன?"

அவர் படித்தார். மாடு, எருமை, மந்தை, கறவை, கொட்டில், தீவனம், தடுப்பூசி, இறப்பு, எடை. அமைச்சரின் அறிவிப்பிலும் அதே ஒன்பது. யாருக்கும் தெரியாத அந்த அட்டவணையிலும் அதே ஒன்பது, அதே வரிசையில்.

"மூணும் ஒன்பது வாங்கியிருக்கே. அப்புறம் எதை மேல வைக்கறது, எதைக் கீழ வைக்கறதுன்னு எப்படி முடிவாகும்?"

"சமமா வந்தா அதிகம் பேர் பாத்தது மேல போகும். மூணாவதைப் பேப்பர்ல வர்ற வரைக்கும் வெளியாள் ஒருத்தர்கூடப் பாக்கல. பூஜ்யம்."

அண்ணி பட்டியலை அச்செடுத்துத் தரச் சொன்னாள். படியேறும்போது கொழுந்தன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம். நமக்கு வேலை குடுத்த ஆளையே நாம பிடிச்சுக் குடுத்தா, அது தொழில் தர்மமா?"

"அவர் நம்மைக் கூப்பிட்டது யாருன்னு கண்டுபிடிக்கத்தானே? கண்டுபிடிச்சாச்சு."

நாலு மணிக்கு இயக்குநரின் அறையில் கோப்புகள் தரைக்கு இறங்கியிருந்தன. செயலாளர் அம்மா ஜன்னலோர நாற்காலியில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. வந்ததிலிருந்து மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். குறிச்சொல்காரி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொழுந்தன் தன்னுடையதை அவளுக்கு இழுத்துப் போட்டான்.

"அறிக்கை தயாரா?" என்றார் செயலாளர்.

"தயாரா இருந்துச்சும்மா. நான் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருந்தாங்க." அண்ணி நான்காக மடித்த காகிதத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். "இது சாரோடது. இது இயந்திரத்தோடது." அச்செடுத்த பட்டியலைப் பக்கத்தில் வைத்தாள். "இணைச்சது இயந்திரம். மதிப்பெண் பாருங்க. கையால இணைச்சிருந்தா மதிப்பெண்ணே இருக்காது."

செயலாளர் படித்தார். புருவம் ஏறியது. "அமைச்சர் அறிவிப்புக்குக் கீழ எருமையா?"

"அறிவிப்பை எழுதினவர், பழைய பக்கம் ஒண்ணைத் திறந்து அது மேல எழுதியிருக்கார். இங்க எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. கீழ இருந்த குறிச்சொல்லை மாத்த மறந்துட்டார். அந்த ரகசிய அட்டவணையை எழுதினவரும் அதே பக்கத்து மேலதான் எழுதியிருக்கார், அவரும் மறந்துட்டார். ரெண்டையும் எழுதினது ஒரே கை."

"இவதான்!" இயக்குநர் பாய்ந்தார். "என்னோட அறிக்கையைத் திருடி, அது மேல எழுதி, பழியை என் பக்கம் திருப்பப் பாக்கறா!"

"பொறுங்க சார். உங்க அறிக்கைன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றாள் அண்ணி. "இருந்தாலும் கேக்கறேன். இருபத்திரண்டு வருஷமா இவங்க பாத்த ஒரே வேலை குறிச்சொல். இந்தக் கட்டடத்துல குறிச்சொல்லை மாத்தாம ஒரு பக்கம் போடவே முடியாத ஆள் இவங்க ஒருத்தர்தான். இவங்களா மறப்பாங்க?"

"மறக்கல, வேணும்னே விட்டிருக்கா! மேடம், நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். அந்தப் பக்கத்துக்குத் தளத்துல எங்கேர்ந்தும் வழியே கிடையாது. எந்தப் பட்டியல்லயும் இல்ல, எதோடயும் இணைக்கல. முகவரி தெரிஞ்ச ஆளைத் தவிர எவனும் அங்க போயிருக்க முடியாது. அப்படி இருக்கறப்ப இயந்திரம் மட்டும் எப்படிப் போகும்?"

அண்ணி சாவகாசமாகக் கைப்பையை மூடினாள்.

"காலைல சொன்னீங்க, அந்தப் பக்கத்தைப் பேப்பர்ல பாத்துதான் தெரியும்னு. எண்பதாயிரம் பக்கத்துல எங்கேர்ந்தும் அதுக்கு வழி இல்லைன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

இயக்குநர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சுவரில் பசுமாடு மட்டும் அவரை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் சொல்லட்டுமா? உண்மையான எண் என்னன்னு அமைச்சருக்குத் தெரிஞ்சாகணும். நீங்க ஒரு பக்கம் போட்டு முகவரியை மட்டும் அவருக்குக் குடுத்தீங்க. இணைப்பு இல்லாத பக்கத்துக்கு யார் வரப்போறான்னு நிம்மதியா இருந்தீங்க. ஆறு பேர் கையால இணைச்ச காலத்துல அது சரி. நீங்களே விழா எடுத்து ஒண்ணைக் கொண்டு வந்தீங்களே, அது எல்லாப் பக்கத்துக்கும் போகும். ரிப்பன் வெட்டின நேரத்துல அது என்ன செய்யும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"விளக்கக் கடிதம் எங்க?" செயலாளரின் குரல் மாறியிருந்தது.

ரகசியக் கோப்பு வந்தது. உள்ளே தடிமனான உறை. பசை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. செயலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்பது நாளாக யாரும் அதைப் பிரிக்கவில்லை.

"ஆறு பக்கம்னு கனத்தை வச்சுக் கண்டுபிடிச்சிருக்கார்," என்றான் கொழுந்தன். "புள்ளிவிவரத் துறை இல்லையா, தோராயமாச் சொல்லிட்டார்."

உறையைக் கிழித்ததும் ஐந்து அச்சுத் தாள்களும் கையால் எழுதிய ஒரு தாளும் வந்தன. அச்சுத் தாள்களில் பெட்டியில் வந்த ஐந்து பக்கங்களின் குறிச்சொற்கள், அறிவிப்போடு ஒத்துப்போகும் சொற்கள் பென்சிலால் கோடிட்டு. கையால் எழுதிய தாளைச் செயலாளர் வாய்விட்டே படித்தார்.

"'ஐயா, இணைப்பு என்னால் செய்யப்படவில்லை. இரண்டு பக்கங்களும் கால்நடை அறிக்கையின் மேல் எழுதப்பட்டவை. குறிச்சொற்கள் மாற்றப்படவில்லை. அறிவிப்பு என் பார்வைக்கு வரவில்லை. வந்திருந்தால் திருத்தியிருப்பேன். அட்டவணையில் உள்ள எண் சரியானது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.'"

அண்ணிக்கு முகம் சுட்டது. காலையிலிருந்து மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஓடி, தான் ஒருத்திதான் மூளையுள்ளவள் என்ற நினைப்பில் கண்டுபிடித்ததெல்லாம் ஒன்பது நாளாக ஒரு உறைக்குள் இருந்திருக்கிறது. இந்தக் கூட்டத்தை எள்ளி எள்ளியே நேரம் போயிற்று. அந்த உறையைப் பிரிக்கச் சொல்லிச் சண்டை போட அவளுக்கும் தோன்றவில்லை. தன்மேலேயே ஒரு கசப்பு வந்தது.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு குறிச்சொல்காரியிடம் ரொம்பக் கனிவாகப் பேசினார். "தப்பு நடந்துபோச்சும்மா. நாளைலேர்ந்து நீங்க வேலைக்கு வந்துருங்க. இவர் விஷயத்தை நான் பாத்துக்கறேன். அந்த அட்டவணைப் பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க. எல்லாருக்கும் நல்லது."

ஆக, இவரும் அதே மண்தான். அண்ணி வாயைத் திறப்பதற்குள் குறிச்சொல்காரி எழுந்து நின்றாள்.

"எடுக்கறேங்க அம்மா. வெளியிட்ட பக்கத்தை எடுத்தா, ஏன் எடுத்தோம்னு காரணம் எழுதி அதே இடத்துல போடணும்னு விதி இருக்கு. உத்தரவு போட்டவங்க பேரும் போடணும். என்ன காரணம்னு எழுதட்டும்?"

செயலாளர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் காரணம் எதுவும் இல்லை.

"சரி, இருக்கட்டும்," என்றார் கடைசியில், எழுந்தபடி. "உங்க வேலை என்னவோ அதை மட்டும் பாருங்க."

"பாக்கறேங்க அம்மா."

நாளை வரை அவள் காத்திருக்கவில்லை. நேராக ஹாலுக்குப் போய், சுவரிலிருந்த அட்டையைக் கழற்றி நான்காகக் கிழித்தாள். கடவுச்சொல்லை மாற்றினாள். பிறகு அமைச்சரின் அறிவிப்பைத் திறந்து, கீழே, ரொம்பக் கீழே போனாள். மாடு போயிற்று, எருமை போயிற்று, மந்தையும் தீவனமும் போயின. அந்த இடத்தில் பள்ளி, பிள்ளைகள், இடைநிற்றல், வரையறை என்று ஒன்பது சொற்களை ஒவ்வொன்றாக யோசித்துத் தட்டினாள். அட்டவணைப் பக்கத்தைத் திறந்தாள். அங்கேயும் அதே ஒன்பது. அதற்கும் இதற்கும் அவைதான் சரியான சொற்கள்.

தொலைபேசியில் கீழ்த்தளத்தைக் கூப்பிட்டு, "பெட்டியைத் திருப்பிப் போடுங்க," என்றாள். "விசாரணை முடிஞ்சுது."

மற்ற பத்துப் பேரும் தங்கள் மேசைகளை விட்டு அவள் பின்னால் வந்து நின்றார்கள். கொழுந்தன் ஒரு நாற்காலியின் மேல் ஏறிக்கொண்டான். அரைமணி நேரத்தில் இயந்திரம் தன் சுற்றை முடித்தது. எந்த விழாவும் இல்லாமல் அறிவிப்பின் கீழே பெட்டி மறுபடி முளைத்தது. ஒரு மாடுகூட இல்லை.

முதல் இணைப்பு: பள்ளி நின்ற பிள்ளைகள், பழைய முறைக் கணக்கு. ஒன்பதுக்கு ஒன்பது. நாடே திறந்து பார்த்த பக்கம் என்பதால் இனி அதை எதுவும் கீழே தள்ள முடியாது.

"மூணாவது இடத்துலேர்ந்து முதல் இடம் அண்ணி," என்றான் கொழுந்தன், நாற்காலிமேலிருந்து. "இந்த ஆபீஸ்ல தகுதியைப் பாத்து நடந்த முதல் பதவி உயர்வு."

அண்ணி குறிச்சொல்காரியின் தோளருகே குனிந்தாள். "அக்கா, அந்த உறையை நான் காலைலயே பிரிக்க வச்சிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்ல மேடம். நீங்களாவது கேட்டீங்க." அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அது மாட்டோட மாடா, தப்பா வந்து நின்னுச்சு. அதுதான் எனக்கு இத்தனை நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம் பிள்ளைங்க மேடம். அவங்களை அவங்க இடத்துல நிறுத்த வேணாமா?"

மூடிய பேனாவை மேசையில் வைத்துவிட்டு, உப்பு உற்பத்தி பக்கத்தைத் திறந்தாள்.